தலைவர் போனார், துணைவரும் போக வேண்டுமா?

நெடுநாளாக நடந்து வந்த கடையொன்று கைமாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். புதிய முதலாளி பெயர்ப்பலகைக்கு வர்ணம் பூசலாம்; அலுமாரிகளை இடம் மாற்றி வைக்கலாம்; தமக்கு நம்பிக்கையான ஓரிருவரை அழைத்துவந்து கல்லாப்பெட்டியின் அருகே இருத்தலாம். அவற்றை யாரும் குறை சொல்லார். ஆனால், முப்பது ஆண்டுகளாக அங்கே கணக்கெழுதிய கணக்கப்பிள்ளையையும் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டால்? எந்த வாடிக்கையாளர் சொன்ன தவணையில் கடனைத் தீர்ப்பவர், எந்தப் பண்டம் மாரியில் விலைபோகும், எந்த மூலையில் கூரை ஒழுகும் என்பனவெல்லாம் பேரேட்டில் எழுதப்படுவன அல்ல. அவை அம்மனிதரின் நெஞ்சோடு வாசலைக் கடந்து போய்விடும்.

இந்த எண்ணம் எனக்கு எழுந்தது ஒரு கடையைப் பார்த்தல்ல; ஓர் உதைபந்தாட்டக் கழகத்தைப் பார்த்தே. 2024ஆம் ஆண்டு ஒக்டோபர் 28ஆம் திகதி மாலை, விறாந்தையில் அமர்ந்திருந்த என்னிடம் என் மகன் முகமெல்லாம் சிரிப்பாக ஓடிவந்தான்.

“அப்பா, உங்கள் கழகம் மறுபடியும் முகாமையாளரை அனுப்பிவிட்டதாம்!”

அவன் லிவர்பூல் கழகத்தின் பக்தன். நானோ மான்செஸ்டர் யுனைட்டட் கழகத்தின் பழைய அடியவன். ஒரே கூரையின் கீழ் இவ்விரு மதங்களும் வாழ்வது எளிதன்று என்பதை இங்கிலாந்தின் ஆட்டங்களைத் தொடர்ந்து வரும் வாசகர்கள் அறிவார்கள்.

“அவரை அனுப்பியதல்ல என் கவலை, தம்பி. அவரோடு இன்னும் யார் யாரை அனுப்பப் போகிறார்கள் என்பதே கவலை” என்றேன்.

அவன் வியப்போடு பார்த்தான். அந்த வியப்புக்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

கைமாறிய நாள்

சேர் அலெக்ஸ் பேர்குசன் 1986ஆம் ஆண்டு நவம்பரில் மான்செஸ்டர் யுனைட்டட்டின் முகாமையாளரானார். 2013ஆம் ஆண்டு மே மாதத்தில் ஓய்வு பெற்றார். அந்த இருபத்தாறரை ஆண்டுகளில் அவர் வென்று தந்த கிண்ணங்கள் 38; அவற்றுள் இங்கிலாந்தின் முதற்பிரிவு வெற்றிக் கிண்ணங்கள் மட்டும் 13. இறுதிப் பருவத்திலும் 89 புள்ளிகள் பெற்று, இரண்டாம் இடத்துக் கழகத்தை 11 புள்ளிகளால் பின்தள்ளிவிட்டே அவர் விடைபெற்றார்.

அவரது ஆசனத்துக்கு எவர்ட்டன் கழகத்தை 11 ஆண்டுகள் நடத்திய டேவிட் மோயஸ் வந்தார். அவர் உழைப்பாளி, நேர்மையானவர். ஆறு ஆண்டு ஒப்பந்தமும் அவருக்கு வழங்கப்பட்டது. ஆனால், அவர் வந்தபோது உதவி முகாமையாளர் மைக் பீலன், முதலணிப் பயிற்றுநர் ரெனே மியூலன்ஸ்டீன், கோல் காப்பாளரின் பயிற்றுநர் எரிக் ஸ்டீல் ஆகிய மூவரும் நீங்கினார்கள். அவர்களின் இடங்களில் எவர்ட்டனிலே மோயஸின் அருகில் நின்ற ஸ்டீவ் றவுண்ட், ஜிம்மி லம்ஸ்டன், கிறிஸ் வூட்ஸ் ஆகியோர் அமர்ந்தார்கள். கழகத்தின் நிருவாகத்தை நெடுங்காலம் தாங்கிய டேவிட் கில் என்பவரும் அதே கோடையிலே விலகினார். தூணும் உத்திரமும் ஒரே நாளில் கழற்றப்பட்ட வீடு போலாயிற்று எம் கழகம்.

மோயஸின் பக்க நியாயத்தையும் சொல்லவேண்டும். புது ஊருக்குப் போகிறவன் தன்னோடு தெரிந்த முகங்கள் இரண்டைக் கூட்டிப்போக விரும்புவது மனித இயல்பு. தன் சொல்லைக் குறிப்பாலே உணர்ந்துகொள்ளும் துணைவன் இல்லாத முகாமையாளனுக்கு மைதானத்தில் கையொடிந்தது போலிருக்கும். பழைய ஆட்டக்காரரான றயன் கிக்ஸையும் அவர் பயிற்றுநர் குழுவிலே சேர்த்துக்கொண்டார். ஆகவே, பழையதை அறவே வெறுத்தார் என்று அவரைப் பழிக்கலாகாது. ஆனால், கிக்ஸ் அப்போது ஆட்டத்திலும் இருந்தவர். பயிற்றுநர் தொழிலுக்குப் புதியவர். நாள்தோறும் பயிற்சி நடத்திய கைகள் அவருடையவை அல்ல.

துணைவர் செய்யும் தொழில்

முகாமையாளரை உலகம் அறியும். பத்திரிகையாளருக்குப் பதில் சொல்பவரும், தோற்றால் ஏச்சு வாங்குபவரும் அவரே. துணைவரை அறிந்தவர் சிலரே. ஆனால், காலைப் பனியில் பயிற்சி மைதானத்தில் குறிகளை நட்டு வைப்பவர் யார்? எந்த ஆட்டக்காரனுக்குக் கால் தசை களைத்திருக்கிறது, எவன் வீட்டுக் கவலையோடு வந்திருக்கிறான், எவனைத் தட்டிக் கொடுக்கவேண்டும், எவனை அதட்டவேண்டும் என்பதை நாள்தோறும் கண்ணால் அளந்து வருபவர் யார்? முகாமையாளர் கோபித்து வெளியேறிய பின், ஆடை மாற்றும் அறையில் அந்த இளைஞனின் அருகே அமர்ந்து, “அவர் சொன்னதன் பொருள் இதுதான்” என்று விளக்குபவர் யார்? துணைவரே. குடும்பத்திலே தந்தை கண்டித்த பின் தாய் வந்து சோறு போட்டுத் தேற்றுவது போன்றது அப்பணி.

ஓர் உதாரணம் தருகிறேன். 2011ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டிலிருந்து டேவிட் டெ கெயா என்னும் இருபது வயது இளைஞர் எம் கழகத்தின் கோல் காப்பாளராக வந்தார். மெலிந்த உடல், புதிய நாடு, புரியாத மொழி. உயர வரும் பந்துகளில் அவர் தடுமாறியபோது பத்திரிகைகள் எள்ளி நகையாடின. அவரோடு நாள்தோறும் உழைத்தவர் எரிக் ஸ்டீல். இரண்டாம் பருவம் முடிவதற்குள், ஆட்டக்காரர்கள் தாமே வாக்களித்துத் தெரியும் ஆண்டின் சிறந்த அணியிலே அந்த இளைஞர் இடம் பெற்றார்.

உண்மையை மறைப்பது ரசிகனுக்கு அழகன்று. ஸ்டீல் போன பின்னும் டெ கெயா சோரவில்லை. 2013–14இல் கழகத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே கிடைத்தது. நன்றாக நட்ட மரம், நட்டவர் போன பின்னும் காய்க்கும். ஆனால், அதே பருவத்தில் அவருக்கு முன்னால் ஆடியோர்தாம் வழி தெரியாமல் தவித்தார்கள்.

முதலாவது சமநிலை

2014ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி ஓல்ட் டிராபோர்ட் மைதானத்துக்குப் புல்ஹாம் கழகம் வந்தது. அப்போது அது பட்டியலின் கடைசியில் கிடந்தது. அதன் பயிற்றுநராக எதிர்க்கரையில் நின்றவர் வேறு யாருமல்லர். முந்திய கோடையில் எம் வாசலைக் கடந்து போன ரெனே மியூலன்ஸ்டீனே!

அன்று எம்மவர்கள் இரு பக்கங்களிலிருந்தும் கோல் வாயை நோக்கி உயரப் பந்தடித்தார்கள், அடித்தார்கள், அடித்துக்கொண்டே இருந்தார்கள். அப்படி அடித்தவை எண்பதுக்கு மேல். ஒரே சாவியை ஒரே பூட்டில் எண்பது முறை திருப்பியது போலிருந்தது. எம்மவர் ஒருவாறு 2–1 என முன்னேறிய பின்னும், மேலதிக நேரத்தில் புல்ஹாம் ஒரு கோல் போட்டு 2–2 என ஆட்டத்தைச் சமப்படுத்தியது. நாங்கள் என்ன செய்வோம் என்பதை எம் வீட்டிலே வாழ்ந்தவரைவிட வேறு யார் நன்றாக அறிவார்?

சில நாட்களில் மியூலன்ஸ்டீனும் அப்பதவியை இழந்தார் என்பது வேறு கதை. பயிற்றுநர் பிழைப்பு அத்தகையது. மோயஸின் கதையும் ஏப்பிரல் 22ஆம் திகதி முடிந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னர் அவரைத் தோற்கடித்த கழகம் அவரது பழைய எவர்ட்டன். அப்பருவம் எமக்கு 64 புள்ளிகள், ஏழாவது இடம். 1990ஆம் ஆண்டுக்குப் பின் முதன்முறையாக ஐரோப்பியப் போட்டிகளின் கதவு எமக்கு அடைக்கப்பட்டது.

எல்லாப் பழியையும் பயிற்றுநர் மாற்றத்தின் தலையில் கட்டுவது நீதியன்று. பேர்குசன் விட்டுப்போன அணியிலே வயது ஏறியவர் பலர். புதியவர்களை வாங்குவதிலும் கழகம் தடுமாறியது. ஆயினும், தள்ளாடும் வேளையில் பிடித்துக்கொள்ளப் பழகிய கை ஒன்றாவது அருகில் இருந்திருக்கலாம் அன்றோ?

பெயர்கள் இல்லாத அணி

அத்தகைய கை எத்துணைப் பெறுமதியானது என்பதை எம் கழகத்தைவிட அறிந்த கழகம் உலகில் இல்லை. அதனாலேயே என் வருத்தம் பெரிது.

இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில், இத்தாலியிலே படைவீரருக்கு உதைபந்தாட்டத்தைப் பற்றி ஆவேசத்தோடு உரையாற்றிக்கொண்டிருந்த ஒரு வேல்ஸ் நாட்டவரைக் கண்டார் மாட் பஸ்பி. அவர் பெயர் ஜிம்மி மர்பி. மான்செஸ்டருக்குத் தலைமை ஏற்க இருந்த பஸ்பி, தம் முதல் துணைவராக அவரையே அழைத்துக்கொண்டார். இளைஞர்களைத் தேடி வளர்த்ததில் இருவருக்கும் சமபங்கு உண்டு.

1958ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆம் திகதி, பெல்கிரேட்டில் ஆடிவிட்டுத் திரும்பிய அணியின் விமானம் மியூனிக் நகரில் நொறுங்கியது. இறந்தோர் 23 பேர். அவர்களுள் ஆட்டக்காரர் எண்மர். பயிற்றுநர்களான டொம் கறியும் பேர்ட் வாலியும், கழகச் செயலாளர் வால்ட்டர் கிறிக்மரும் மாண்டார்கள். பஸ்பி உயிருக்கும் சாவுக்கும் இடையே ஜெர்மன் வைத்தியசாலையில் கிடந்தார். மர்பி அந்த விமானத்தில் இல்லை. வேல்ஸ் தேசிய அணிக்கும் அவரே முகாமையாளராதலால், இஸ்ரவேலுக்கு எதிரான ஆட்டத்துக்காகக் கார்டிப் நகருக்குப் போயிருந்தார்.

பதின்மூன்று நாட்கள் கழித்து ஓல்ட் டிராபோர்ட்டில் ஷெபீல்ட் வென்ஸ்டேக்கு எதிராகக் கிண்ண ஆட்டம். அன்று விற்கப்பட்ட நிகழ்ச்சி ஏட்டிலே எம் அணியின் பதினொரு இடங்களும் பெயரின்றி வெறுமையாக விடப்பட்டிருந்தன. யார் ஆடுவார் என்று அச்சிட்டவருக்குத் தெரியாது. தெரிந்தவர் மர்பி ஒருவரே. உயிர்தப்பிய இருவர், இளைஞர் சிலர், அவசரமாக வாங்கிய இருவர் என்று ஓர் அணியை அவர் கட்டினார். அன்று வெற்றி 3–0. அந்த அணியே மே மாதத்தில் வெம்பிளி இறுதியாட்டம் வரை சென்று போல்ட்டனிடம் தோற்றது. பத்து ஆண்டுகள் கழித்து, 1968இல், பஸ்பியின் கழகம் பென்பிக்காவை 4–1 என வென்று ஐரோப்பியக் கிண்ணத்தைத் தூக்கியபோது அதிலே மர்பியின் வியர்வையும் இருந்தது.

தலைவர் வீழ்ந்த நாளில் கழகத்தைக் காத்தது எது? ஒரு துணைவரின் நினைவிலே இருந்த கழகம்! இந்தப் பாடத்தை 2013இல் எவரேனும் எண்ணிப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சப்பாத்து அறை

இனிச் சொல்லப்போவது என் மகனுக்கு மகிழ்ச்சி தருவது, எனக்குக் கசப்பானது. ஆயினும் சொல்லத்தான் வேண்டும்.

1959ஆம் ஆண்டு டிசம்பரில் பில் ஷாங்கிலி லிவர்பூலுக்கு முகாமையாளராகச் சென்றார். கழகம் அப்போது இரண்டாம் பிரிவில் இருந்தது. அங்கே பொப் பெய்ஸ்லி, ஜோ பேகன், றூபன் பெனற் முதலிய பயிற்றுநர்கள் தங்கள் வேலை போய்விடும் என்றே காத்திருந்தார்கள். ஷாங்கிலி அவர்களில் எவரையும் அனுப்பவில்லை. தமக்கு உண்மையாக நிற்கவேண்டும் என்பதொன்றையே கேட்டு, எல்லோரையும் வைத்துக்கொண்டார்.

அவர்கள் ஆன்பீல்ட் மைதானத்தில், ஆட்டக்காரரின் சப்பாத்துகளை வைக்கும் சிற்றறையொன்றிலே கூடுவார்கள். பெட்டிகளைக் கவிழ்த்துப்போட்டு அமர்ந்து, தேநீர் அருந்தியபடியே ஆட்டத்தை அலசுவார்கள். அன்றன்று நடந்த பயிற்சியைக் கொப்பிகளிலே குறித்து வைப்பார்கள். 1974இல் ஷாங்கிலி விலகியபோது பெய்ஸ்லி தலைவரானார். 1983இல் அவர் விலகியபோது பேகன் தலைவரானார். 1977, 1978, 1981, 1984 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் ஐரோப்பியக் கிண்ணம் லிவர்பூலுக்கே போயிற்று. அந்தச் சிற்றறையின் மூலதனம் சில பழைய பெட்டிகளும், பல ஆண்டு நினைவும் தவிர வேறென்ன? 1993இல் அந்த அறை இடிக்கப்பட்டது.

மகனின் கேள்வி

2025ஆம் ஆண்டு ஏப்பிரல் இறுதியில், என் மகன் பழைய கணக்கைத் தீர்க்க வந்தான்.

“அப்பா, துணைவரை மாற்றக்கூடாது என்றீர்களே! 2024இல் யூர்கன் குளொப் போனபோது அவருடைய உதவியாளர் பீற்றர் கிறவீற்ஸ், பெப் லைண்டர்ஸ் இருவரும் கூடவே போனார்கள். புதிதாக வந்த ஆர்னே ஸ்லொட் புதிய உதவியாளர்களோடு வந்தார். முதற் பருவத்திலேயே நாங்கள் வென்றுவிட்டோம். உங்கள் இருபதும் எங்கள் இருபதும் சரி!”

இருபது என்று அவன் சொன்னது முதற்பிரிவு வெற்றிக் கிண்ணங்களை. நெடுங்காலம் நாம் தனியே வைத்திருந்த அந்த எண்ணிக்கையை லிவர்பூல் அப்பருவத்திலே எட்டிப் பிடித்தது. அந்த இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால், அவன் கேட்டது நல்ல கேள்வி. எண்ணிப் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது. ஸ்லொட் துணைவரை மாற்றினார், அணியை மாற்றவில்லை. 2024 கோடையில் மூத்த அணியிலே உடனே வந்து சேர்ந்த குறிப்பிடத்தக்க புதியவர் ஒருவரே. குளொப் வளர்த்த ஆட்டக்காரரையும், அவர்களது ஓட்டத்தையும் அப்படியே ஏற்றுக்கொண்டு, தம் திருத்தங்களை மெல்ல மெல்லப் புகுத்தினார். ஒரு கழகத்தின் நினைவு பயிற்றுநரின் நெஞ்சிலும் இருக்கலாம். ஆட்டக்காரரின் கால்களிலும் இருக்கலாம். எங்காவது ஓரிடத்தில் இருந்தால் போதும். எல்லா இடங்களிலும் ஒரே வேளையில் துடைத்து அழிக்கக்கூடாது.

பேர்குசனும் துணைவர்களை மாற்றியவரே. பிறையன் கிட் 1998 டிசம்பரில் பிளக்பேர்ன் கழகத்துக்குப் போனார். 1999 பெப்ரவரியில் ஸ்டீவ் மக்லாரன் வந்தார். மக்லாரன் வந்த பின் நடந்த முதல் ஆட்டத்திலேயே நொட்டிங்காம் பொரஸ்ட்டை 8–1 என வென்றோம். மே மாதத்தில் மூன்று பெருங்கிண்ணங்களையும் வென்றோம். அங்கே கிளை மாறியது, அடிமரம் மாறவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. பழையவரை வைத்துக்கொண்டால் மட்டும் வெற்றி வந்துவிடாது. 1969இல் பஸ்பிக்குப் பின், கழகத்திலேயே வளர்ந்த வில்ப் மக்கின்னசை அமர்த்தினார்கள்; 1970 டிசம்பரில் அவர் நீங்க நேர்ந்தது. 2018 டிசம்பரில் ஒலே குன்னர் சொல்ஷார் வந்தபோது, ஐந்து ஆண்டுகளுக்கு முன் நீங்கிய மைக் பீலனும் திரும்பி வந்தார். அந்தச் செய்தி என் கண்ணை நனைத்தது. 2020–21இல் இரண்டாம் இடமும் கிடைத்தது. ஆனால் கிண்ணம் ஒன்றும் கிடைக்கவில்லை. 2021 நவம்பரில் சொல்ஷாரும் போனார். ஆகவே நான் கேட்பது, பழையவர் என்பதற்காகவே ஒருவரை வணங்கவேண்டும் என்பதன்று.

இரண்டாவது சமநிலை

மகன் செய்தி கொண்டுவந்த அந்த ஒக்டோபர் மாலைக்குத் திரும்புவோம். எரிக் டென் ஹாக் நீங்கியதும், எம் பழைய கோல் வேட்டைக்காரரும் அவ்வேளை உதவியாளருமான ரூட் வான் நிஸ்டல்ரூய் இடைக்காலப் பொறுப்பேற்றார். நான்கு ஆட்டங்கள், மூன்று வெற்றி, ஒரு சமநிலை. பின்னர் போர்த்துக்கலிலிருந்து ரூபன் அமொரிம் தம் துணைவர்களோடு வந்தார். வான் நிஸ்டல்ரூய் விடைபெற்றார்.

நவம்பர் 24ஆம் திகதி அமொரிமின் முதல் ஆட்டம் இப்ஸ்விச் நகரில் நடந்தது. எதிர்க்கரையில் நின்றவர் கீரன் மக்கென்னா! 2021 டிசம்பர் வரை எம் முதலணிக்குப் பயிற்சி தந்த அவர், மூன்றாம் பிரிவில் கிடந்த இப்ஸ்விச்சைப் பொறுப்பேற்று, 2023இலும் 2024இலும் அடுத்தடுத்து உயர்த்தி முதற்பிரிவுக்குக் கொண்டுவந்தவர். அவரை யாரும் துரத்தவில்லை. தாமாகவே வளர்ச்சி தேடிப் போனார். அன்று எம்மவர் இரண்டாவது நிமிடத்திலேயே கோல் போட்டனர். ஆனால் ஆட்டம் 1–1 என முடிந்தது. பத்து ஆண்டு இடைவெளியில், எம் வீட்டிலே உண்டு வளர்ந்த இருவர் எதிர்க்கரையில் நின்று எமக்குச் சமநிலை தந்தார்கள். அப்பருவத்தில் எம் கழகம் 15ஆம் இடத்துக்கு இறங்கியது.

2013 முதல் 2024 வரை ஆறு நிரந்தர முகாமையாளர். இடையிடையே பொறுப்பேற்றோர் வேறு. ஒவ்வொருவரும் ஒரு குழுவோடு வந்து, ஒரு குழுவோடு போனார்கள். வீட்டில் எந்தச் சாவி எந்த அறைக்குரியது என்று சொல்ல யாரும் எஞ்சவில்லை.

ஆதலால் ஒரு சாதாரண ரசிகனின் விண்ணப்பம் இதுதான். புதிய முகாமையாளர் வரட்டும். தம் நண்பர்களையும் அழைத்து வரட்டும். ஆனால் அந்த மேசையிலே ஓர் ஆசனம் அவர் வருமுன்னே இருந்தவருக்கு உரியதாகட்டும். தலைவரோடு வராதவரும், தலைவரோடு போகாதவருமான ஒருவர் அதிலே இருக்கட்டும்.

2023ஆம் ஆண்டு ஓல்ட் டிராபோர்ட்டின் அருகே ஜிம்மி மர்பிக்குச் சிலை நாட்டினார்கள். நன்று. அவர் இறந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலான பின்னர் கிடைத்த நன்றி அது. இதை நான் சொன்னபோது என் மகன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பின்னர், “அப்பா, அவர் எங்கள் கழகத்தில் இருந்திருந்தால் சப்பாத்து அறையிலே இருந்திருப்பார்” என்றான்.

ஒரு லிவர்பூல் பக்தனின் வாயிலிருந்து இதற்கு மேலான பாராட்டை நான் எதிர்பார்க்கவில்லை.